மூன்றாவது கோப்பை வரைக்கும்: எத்தியோப்பியாவும் காப்பியும்

கேட்கப்பட்டது இது: காப்பி பிறந்த நாடு எத்தியோப்பியா என்கிறார்களே, அந்த நாட்டின் வரலாற்றிலும் பண்பாட்டிலும் காப்பிக்கு உண்மையில் என்ன இடம்? ஆடு மேய்த்தவன் கண்டுபிடித்த கதை நிஜமா? அங்கே சாதாரண மக்களுக்கு நல்ல காப்பி கிடைக்கிறதா? தென்மேற்கில் ஜிம்மா நகரத்தில் நான்கு வருடம் பாடம் நடத்தியவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அங்கே தெருவுக்குத் தெரு காப்பி வறுக்கிற புகை.

ஆட்டுக் கதையை முதலில் முடித்துவிடலாம். கல்தி என்ற இடையன், அவனுடைய ஆடுகள் ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டு ராத்திரியெல்லாம் துள்ளின, பக்கத்து மடத்துத் துறவிகள் அதைக் காய்ச்சிக் குடித்துத் தூக்கத்தை வென்றார்கள் என்று காப்பிப் பொட்டலத்தின் முதுகில் அச்சடித்திருப்பார்கள். நடந்தது 9ஆம் நூற்றாண்டு என்பார்கள். எழுத்தில் இது தலைகாட்டுவது 1671இல், ரோமில் இருந்த நைரோன் என்ற மரோனைட் கிறிஸ்தவ அறிஞர் லத்தீனில் எழுதிய ஒரு சின்ன நூலில். அதில் இடையனுக்குப் பெயர் கிடையாது. மேய்த்தது ஒட்டகம், ஆடு என்றும் சொல்கிறார்கள் என்று அவரே இரண்டு பக்கமும் பேசுகிறார். நடந்த இடம் யேமன். கல்தி என்ற பெயரும் எத்தியோப்பிய முகவரியும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. என் மாணவர்களிடம் கேட்டபோது, "அது டூரிஸ்டுகளுக்குச் சொல்கிற கதை, டீச்சர்" என்று சிரித்தார்கள்.

கதைதான் பொய், ஊர் மெய். அராபிகா காப்பி தானாக முளைத்து வளர்ந்த இடம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் தென்சூடானின் போமா பீடபூமியிலும் கொஞ்சம் உண்டு. ரொபஸ்டாவும் யூஜெனியாய்டிஸ் என்ற இன்னொரு காப்பி இனமும் எந்த மனிதக் கையும் படாமல் கலந்து பிறந்த பிள்ளை அராபிகா. அதனால்தான் மற்ற காப்பி இனங்களுக்கு 22 குரோமோசோம் இருக்க, இதற்கு மட்டும் 44. தென்மேற்கில் போங்கா என்ற ஊர்ப் பக்கம் காட்டுக்குள் போனால் பெரிய மரங்களின் அடியில், ஆள் உயரத்துக்கும் மேலே, மெலிந்து வளைந்த தண்டோடு நிற்கும். தோட்டத்துச் செடி மாதிரி செழிப்பு இருக்காது. காய்ப்பும் கம்மிதான். முதல் தடவை பார்த்தபோது, "இதுவா?" என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்தக் காட்டிலிருந்து யேமனுக்குப் போனது கொஞ்சம் விதை. யேமனிலிருந்து இந்தியா, ஜாவா. ஜாவாவிலிருந்து 1706இல் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குப் போனது ஒரு செடி. அதன் வாரிசு 1714இல் பாரிசுக்குப் பரிசாகப் போய், அங்கிருந்து கரீபியன் தீவுகளுக்குக் கப்பலேறியது. லத்தீன் அமெரிக்கத் தோட்டங்களில் நிற்கும் அராபிகாவில் பெரும்பகுதி இப்படிக் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில செடிகளின் வம்சம். மீதி மரபணுச் சொத்து முழுக்க இன்னும் எத்தியோப்பியக் காட்டில் கிடக்கிறது. பனாமாவில் விளைந்து ஏலத்தில் தலைசுற்றும் விலைக்குப் போகிற கெய்ஷா ரகம்கூட 1930களில் தென்மேற்கு எத்தியோப்பியாவின் கெஷா பகுதியிலிருந்து எடுத்துப் போன விதைதான்.

போங்கா இருக்கிற காஃபா பகுதியின் பெயரிலிருந்துதான் 'காப்பி' வந்தது என்று அடித்துச் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. அரபியில் 'கஹ்வா' என்ற சொல் காப்பிக்கு முன்பே மதுவைக் குறித்தது. எத்தியோப்பியாவில் காப்பிக்குப் பெயர் 'புன்னா'. அரபுக்காரர்கள் கொட்டையைச் சொல்வது 'புன்'. கொட்டையோடு அதன் பெயரும் கடல் தாண்டிப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் தேவையில்லை.

குடிப்பதற்கு முன்னால் அதைத் தின்றிருக்கிறார்கள். 1770 வாக்கில் எத்தியோப்பியாவில் சுற்றிய ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ், ஒரோமோ இன வீரர்கள் வறுத்து இடித்த காப்பியைக் கொழுப்பில் பிசைந்து பில்லியர்ட்ஸ் பந்து அளவு உருண்டை பிடித்துக் கட்டுச்சோறாகக் கொண்டு போனதை எழுதியிருக்கிறார். இன்றைக்கும் ஒரோமோ மக்களிடம் 'புனா கலா' என்று ஒன்று உண்டு. காப்பிப் பழத்தைத் தோலோடு, நுனியை லேசாகக் கடித்துத் திறந்து, வெண்ணெயில் பொரிப்பது. பொரியும்போது பட்டென்று வெடிக்கும். பிள்ளை பிறந்தாலும் பிரார்த்தனை என்றாலும் அதைச் செய்து ஆசி சொல்லிப் பங்கிடுவார்கள். கிழக்கே ஹரார் நகரத்தில் காய்ந்த காப்பி இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள், 'கூட்டி' என்று பெயர். காஃபா பக்கம் இலையோடு இஞ்சியும் மிளகாயும் சேர்த்த 'செமோ'. கொட்டையை வறுத்துப் பொடித்துக் குடிப்பது இத்தனை வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். ராத்திரி ஜபத்துக்கு விழித்திருக்க 15ஆம் நூற்றாண்டில் யேமனின் சூஃபிகள் குடித்த கஹ்வாதான் உலகத்துக்குத் தெரிந்த பானமாக ஆனது.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைக்கிற விஷயம். சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களில் "மூவாயிரம் ஆண்டுப் பழமையான எத்தியோப்பியக் காப்பிச் சடங்கு" என்று போட்டிருப்பார்கள். ஆனால் வடக்கு மலைநாட்டில், அதாவது பேரரசர்களும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் இருந்த பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரைக்கும் காப்பி விலக்கப்பட்ட பண்டம். காப்பி குடிப்பவன், லேசான போதை தரும் காத் இலை மெல்லுபவன் என்றால் முஸ்லிம் என்று அர்த்தம். சாமியார்கள் தொடமாட்டார்கள், குடித்த கிறிஸ்தவனைச் சபை ஒரு மாதிரி பார்க்கும். காப்பியைப் போற்றியவர்கள் ஹராரின் முஸ்லிம்கள், ஒரோமோக்கள், காஃபா மக்கள், பேரரசுக்கு வெளியே இருந்தவர்கள்.

1880களில் இது மாறுகிறது. அப்போது நடு எத்தியோப்பியாவில் ஷோவா பகுதியின் மன்னராக இருந்து பிறகு 1889இல் பேரரசரான இரண்டாம் மெனலிக் தானே காப்பி குடித்தார். எகிப்திலிருந்து வந்திருந்த பேராயர் அபூனா மத்தேவோஸ், இது ஒன்றும் மதத்துக்கு விரோதமில்லை என்று குருமார்களுக்கு எடுத்துச் சொன்னார். இதையெல்லாம் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பாங்கர்ஸ்ட் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் மெனலிக்குக்கு ருசி மட்டும் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே காலத்தில்தான் அவர் படைகள் தெற்கே இறங்குகின்றன. 1887இல் ஹரார் விழுகிறது. 1897இல் காஃபா ராஜ்ஜியம் விழுந்து, அதன் கடைசி மன்னர் காக்கி ஷெரோச்சோ பிடிபடுகிறார். போரிலும் அடிமை வியாபாரத்திலும் அங்கே ஊர் ஊராகக் காலியானது. காப்பி விளையும் நிலம் கைக்கு வந்தபோது காப்பியும் ஆகாத பொருளாக இருக்க முடியவில்லை. ஜிபூத்தியிலிருந்து போட்ட ரயில் பாதை 1902இல் திரே தாவாவையும் 1917இல் தலைநகர் அடிஸ் அபாபாவையும் தொட்டது. காப்பி மூட்டை துறைமுகத்துக்கு ஓட ஆரம்பித்தது. (ஹராரில் காப்பி வாங்கி ஏற்றுமதி செய்த ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டாக 1880இல் வந்து இறங்கியவர் பிரெஞ்சுக் கவிஞர் ரிம்போ. கவிதையைத் தலைமுழுகிவிட்டு வந்த மனுஷன், காப்பியிலும் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை.)

ஆக, வென்றவர்கள் தோற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் ஒரு நூற்றாண்டுக்குள் நாட்டின் அடையாளமாக நின்றுவிட்டது. இன்றைக்கு அம்ஹாரா, ஒரோமோ, திக்ராய், சிதாமா என்று எதற்கெடுத்தாலும் மோதிக்கொள்கிற நாட்டில், எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி நடக்கிற காரியம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் காப்பியைத்தான் காட்டுவேன்.

அந்தக் காரியத்தை நான் பார்த்தபடி சொல்கிறேன். என் வீட்டுக்கார அம்மாவை எமாமா என்று கூப்பிடுவேன், வயதான பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன் ஒருவன் வந்து "புன்னா தெத்து" என்று சொல்லிவிட்டு ஓடுவான். காப்பி குடிக்க வா என்று அர்த்தம். கூடத்தில் பசும்புல்லைப் பரப்பியிருப்பார்கள், மழை பெய்த வாசனை வரும். ஒரு மூலையில் கரி அடுப்பு. அதற்கு முன்னால் 'ரெக்கெபோட்' என்ற குட்டையான பலகை, அதன் மேல் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகள் நெருக்கமாக அடுக்கி. நாலு பேர்தான் வந்திருப்போம், கோப்பை பன்னிரண்டு இருக்கும். யாராவது வந்துவிட்டால்?

பச்சைக் கொட்டையைக் கழுவி, தட்டையான இரும்புச் சட்டியில் போட்டு, கம்பியால் கிளறிக்கொண்டே இருப்பார். மஞ்சளாகி, இலவங்கப்பட்டை நிறம் வந்து, எண்ணெய் மினுங்கும்போது சட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வருவார். கையால் புகையை முகத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், தீபாராதனை ஒற்றிக்கொள்கிற மாதிரி. பிறகு மர உரலில் இடிப்பு. மிஷின் வாங்கலாமே என்று ஒருமுறை சொன்னேன், உலக்கையை நிறுத்தாமலேயே சிரித்தார். பொடியைக் கறுப்பு மண்கூஜா 'ஜெபெனா'வில் போட்டுக் கொதிக்க வைத்து, இறக்கிச் சாய்த்து நிறுத்தி மண்டி அடங்க விடுவார். அடுப்பில் சாம்பிராணி விழும். கொறிக்கச் சோளப்பொரியோ வறுத்த வாற்கோதுமையோ வரும். ஊற்றும்போது ஒரு முழ உயரத்திலிருந்து, கோப்பைக்கும் கோப்பைக்கும் இடையில் நிறுத்தாமல், ஒரே ஒழுக்காக ஊற்றுவார். வெளியே ஒரு சொட்டு சிந்தி நான் பார்த்ததில்லை.

மூன்று சுற்று. முதல் சுற்று அபோல், கெட்டியாக இருக்கும். அதே மண்டியில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தது தோனா. மறுபடியும் தண்ணீர் விட்டது பெரெக்கா. நம் வீட்டு இரண்டாம் டிகாக்‌ஷன், மூன்றாம் டிகாக்‌ஷன் கதைதான். ஆனால் நம்மிடம் இரண்டாம் டிகாக்‌ஷன் என்றால் விருந்தாளிக்குக் கொடுக்கக்கூடாதது, கொடுத்துவிட்டால் ஊர் முழுக்கப் பேச்சு. அங்கே அந்த நீர்த்த மூன்றாவது கோப்பைக்குத்தான் பெயரே ஆசி, நம் பக்கத்து முஸ்லிம்கள் 'பரக்கத்' என்கிறார்களே, அதே சொல். எனக்கு அது தெரியாது. போன புதிதில் முதல் கோப்பை குடித்து, நன்றி சொல்லி, விடைத்தாள் திருத்த வேண்டும் என்று எழுந்துவிட்டேன். கூடம் அமைதியாகிவிட்டது. எமாமா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கோபமில்லை, குழந்தை சாப்பாட்டில் பாதியில் எழுந்தால் பிடித்து உட்கார வைப்போமே, அப்படி. மூன்றும் முடிய இரண்டு மணி நேரம். அதற்குள் பக்கத்து வீட்டு வாய்க்கால் தகராறு ஒன்று பேசித் தீர்ந்தது. இன்னொரு வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் கிட்டத்தட்ட முடிவானது. சாவு வீட்டுத் துக்கம் கேட்பது முதல் கடன் கேட்பது வரை எல்லாம் அந்தப் புல் மேல்தான். "புன்னா தபோ நௌ" என்று ஒரு சொலவடை, "காப்பிதான் ரொட்டி" என்று பொருள். நாம் சொன்னால் "காப்பிதான் சோறு" என்போம்.

சர்க்கரை வேண்டுமட்டும் போடுவார்கள். தெற்கு மேற்குக் கிராமங்களில் உப்பு, சில வீட்டில் வெண்ணெய், சில வீட்டில் 'தேனா ஆதாம்' என்ற அருவதா இலைக் கொத்து. உப்புக் காப்பி எனக்குக் கடைசி வரை இறங்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு 'ஆஹா' என்கிறவர்களுக்கு ஒன்று. நான் போன எந்த வீட்டிலும் ஆண் யாரும் கொட்டை வறுத்ததில்லை. கழுவுவது, வறுப்பது, இடிப்பது, ஊற்றுவது, கோப்பை கழுவுவது எல்லாம் பெண்கள், பெரும்பாலும் வீட்டின் இளைய பெண். அடுப்புப் புகை நேராக அவள் முகத்தில். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை காப்பி வைக்கிற வீடுகளில் அவளுக்குப் படிப்புக்கு ஏது நேரம்? என் வகுப்பு மாணவி ஒருத்தி, "விடுதிக்கு வந்த பிறகுதான் காப்பியை உட்கார்ந்து குடிக்கிறேன்" என்றாள்.

நகரத்தில் இன்னொரு காப்பி உலகம் இருக்கிறது. 1936 முதல் 1941 வரை முசோலினியின் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. அவர்கள் போனார்கள், எஸ்பிரெஸ்ஸோ மிஷின் தங்கிவிட்டது. அடிஸ் அபாபாவில், பால் சேர்த்த எஸ்பிரெஸ்ஸோவான மக்கியாத்தோ என்றால் இப்போது சொந்தச் சரக்கு. 1953இல் தொடங்கிய தோமோக்கா கடையில் நின்றுகொண்டே குடிக்கிற கூட்டம் இன்றும் அடங்கவில்லை. 'ஸ்ப்ரிஸ்' என்று ஒன்று கேட்டால் பாதிக் காப்பி, பாதி டீ கலந்து தருவார்கள். அதை நான் ஒரு தடவை குடித்தேன், அதோடு சரி.

பணம் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவாகாது. ஆப்பிரிக்காவிலேயே அதிகம் காப்பி விளைவிக்கும் நாடு இது. விளைவிப்பவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் வீட்டுக் கொல்லையிலும் காட்டு ஓரத்திலும் கொஞ்சம் மரம் வைத்திருக்கிற சிறு விவசாயிகள். காலனி ஆட்சிக்காரன் கொண்டுவந்து நட்டு, கூலிக்காரன் பறித்து, எவனோ குடிக்கிற பயிர் இல்லை. விளைச்சலில் ஏறக்குறைய பாதியை நாட்டு மக்களே குடித்துவிடுகிறார்கள். பெரிய அளவில் விளைவிக்கும் ஆப்பிரிக்க நாடுகளில் இப்படி வேறொன்று இல்லை.

அரசாங்கங்கள் இந்த மரத்தை எப்போதும் கறவை மாடாகத்தான் பார்த்தன. 1974இல் வந்த ராணுவ ஆட்சி அடுத்த வருடமே நிலத்தையெல்லாம் அரசுடைமையாக்கியது, விலையை அடித்துத் தாழ்த்தியது, சாலைகளில் சோதனைச் சாவடி போட்டு யார் பையில் காப்பி இருக்கிறது என்று துழாவியது. 1971இல் காய்களைக் கறுக்க வைக்கும் காய் அழுகல் நோய் வேறு வந்து சேர்ந்திருந்தது. ஜிம்மா ஆராய்ச்சி நிலையத்தார் காடு காடாக அலைந்து, நோய் தாக்காத மரங்களிலிருந்து விதை எடுத்தார்கள். 74110, 74112 என்று இன்றும் விவசாயிகள் வாயில் புழங்கும் ரகங்கள் அப்படி வந்தவை, முதல் இரண்டு எண் 1974ஆம் வருடத்தைக் குறிப்பது. காடு இல்லாவிட்டால் அந்த மருந்தும் இல்லை. காஃபா, யாயு காடுகளை யுனெஸ்கோ 2010இல் உயிர்க்கோளக் காப்பகங்களாக ஏற்றது. காட்டு அராபிகா இப்போது அழியும் ஆபத்தில் இருக்கிற இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஹராரிலோ காப்பியைப் பிடுங்கிவிட்டுக் காத் நடுகிறார்கள். காத் வருடத்தில் பல தடவை காசு தரும், காப்பி ஒரு தடவை. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயருக்காகவும் ஒரு சண்டை நடந்தது. ஹரார், சிதாமோ, யிர்காசெஃபே என்ற, காப்பி விளையும் இடங்களின் பெயர்களை அமெரிக்காவில் வணிகக்குறியாகப் பதிய 2005இல் எத்தியோப்பியா விண்ணப்பித்தது. அமெரிக்கக் காப்பி வியாபாரிகளின் சங்கம் எதிர்த்தது. ஸ்டார்பக்ஸோடு பெரிய இழுபறியாகி, 2007இல் உடன்பாடு ஆனது. அடுத்த வருடம் தொடங்கிய சரக்குச் சந்தையில் காப்பியெல்லாம் தரவாரியாகக் கொட்டிக் கலக்கப்பட்டது. பெயருக்காக அவ்வளவு போராடிய நாட்டில், எந்த விவசாயியின் காப்பி எந்த மூட்டையில் என்று சொல்ல முடியாத நிலை பல வருடம் இருந்தது. 2017க்குப் பிறகுதான் நேரடியாக விற்க வழி திறந்தார்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நல்ல காப்பி அங்கே சாதாரண மக்களுக்குக் கிடைக்கிறதா? சட்டப்படி கிடைக்கக்கூடாது. ஏற்றுமதித் தரமுள்ள கொட்டையை உள்நாட்டுச் சந்தையில் விற்கத் தடை, அந்நியச் செலாவணி வேண்டுமே. தரம் பிரித்ததில் கழிந்ததுதான் உள்ளூர்க் கடைக்கு வரும். வேடிக்கை என்னவென்றால் கழிசலுக்கும் கிராக்கி அதிகம். பல சமயம் ஏற்றுமதி விலையைவிட உள்ளூர் விலை கூட இருக்கும். டாலர் கிடைத்தால் வேறு சாமான் இறக்குமதி செய்து சம்பாதிக்கலாம் என்பதால், நஷ்டத்துக்கே காப்பியை வெளிநாட்டுக்கு விற்கிற வியாபாரிகள் வெகுகாலம் இருந்தார்கள்.

எமாமா கொட்டையைக் கழுவுவதற்கு முன்னால் முறத்தில் கொட்டி, மடியில் வைத்துப் பொறுக்க உட்காருவார். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது, நடுவில் ஒரு கல். முதலில் இதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்து போட்டோகூட எடுத்தேன். பொறுக்கிக்கொண்டே ஒருநாள், "உங்கள் நாட்டில் காப்பி விளையுமா?" என்று கேட்டார். பாபா புதான் என்ற சூஃபி யேமனிலிருந்து ஏழு கொட்டையை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டதாகச் சொல்லும் எங்கள் கதையைச் சொன்னேன். "ஏழுதானா? கேட்டிருந்தால் ஒரு கூடை கொடுத்திருப்போமே" என்றார். அவருடைய அண்ணன் மகன், காப்பி விளையும் லிமுவிலிருந்து வரும்போதெல்லாம் பையின் அடியில், சட்டைக்குள் சுருட்டி, இரண்டு கிலோ கொண்டு வருவான். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் முறம் வெளியே வராது.